மன உறுதியால் தூக்கத்தை வெல்ல முடியுமா? குறட்டையும் தூக்க நோய்களும் வண்டி ஓட்டுதலும்

இணைய இழையின் தொடக்கக் கேள்வி: பிப்ரவரி 4, மாலை 6.20

பல ஆண்டுகளாக இரவில் நெடுந்தூரம் வண்டி ஓட்டி வருகிறேன். தூக்கம் வந்தால் எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். கண்ணாடியை இறக்குவேன், பாட்டைச் சத்தமாக வைப்பேன், முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொள்வேன், சரியாகிவிடும். நான் குறட்டை விடுவதாக வீட்டில் சொல்கிறார்கள். குறட்டைக்கும் வண்டி ஓட்டுவதற்கும் என்ன தொடர்பு? மன உறுதி உள்ளவர் விழித்திருப்பார், அது இல்லாதவர் ஓட்ட வரக் கூடாது என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் காரணத்துடன் எழுதுங்கள்.

பதில்: பிப்ரவரி 4, இரவு 10.15 (இனி வரும் குறிப்புகள் அனைத்தும் இவர் ஒருவரே எழுதியவை)

எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. அது என் வேலையிலிருந்து வந்தது. தூக்க ஆய்வுக்கூடம் ஒன்றில் இரவுப் பணியில் இருக்கிறேன். சோதனைக்கு வருபவரின் தலையிலும் கண்ணோரங்களிலும் தாடையிலும் மின்முனைகளை ஒட்டி, மூக்கின் கீழே காற்றோட்டத்தை அளக்கும் குழாயை மாட்டி, மார்பிலும் வயிற்றிலும் பட்டை கட்டி, விரலில் ஆக்சிஜன் அளவியைப் பொருத்திய பிறகு, அடுத்த அறையில் அமர்ந்து விடியும்வரை திரையில் ஓடும் கோடுகளைக் கவனிப்பேன்.

பகலில் செய்யும் சோதனை ஒன்றும் உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இருட்டறையில் படுக்கவைத்து, எவ்வளவு நேரத்தில் தூங்குகிறார் என்று பார்ப்போம். சராசரியாக 8 நிமிடங்களுக்குள் தூங்கிவிட்டால் அதை நோயளவிலான பகல் தூக்கமாகக் கொள்வது வழக்கம். அவரை எழுப்பி, "தூங்கினீர்களா?" என்று கேட்போம். மூளை அலைகள் தூக்கத்தைத் தெளிவாகக் காட்டியிருந்தும், "இல்லையே, கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன், அவ்வளவுதான்" என்று அடித்துச் சொல்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. தூக்கத்துக்குள் நழுவும் அந்த நொடி பெரும்பாலும் நினைவில் பதிவதே இல்லை. தூக்கம் வந்தால் தெரிந்துவிடும் என்று நீங்கள் எழுதியதை நான் ஏற்கத் தயங்குவதற்கு இதுவே காரணம். தெரிந்துகொண்ட தடவைகள் மட்டும்தான் உங்கள் கணக்கில் இருக்கின்றன; தெரியாமல் கடந்த தடவைகளைக் கணக்கில் சேர்க்க உங்களிடம் வழியே இல்லை.

ஒன்றிலிருந்து பதினைந்து நொடி வரை நீளும் நொடித் தூக்கம் என்று ஒன்று உண்டு. அப்போது கண் திறந்தேகூட இருக்கலாம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 25 மீட்டர் ஓடுகிறது. நான்கு நொடி கண் அசந்தால் 100 மீட்டர் தூரத்துக்கு அந்த வண்டியை யாரும் ஓட்டவில்லை என்று பொருள். தூக்கத்தால் நேரும் விபத்துகளில் சாலையில் பிரேக் பிடித்த தடம் இல்லாமல் போவதும், விபத்து அவ்வளவு கடுமையாக முடிவதும் இதனால்தான். குடித்தவர்கூடத் தாமதமாகவாவது பிரேக்கை மிதிப்பார். தூங்கியவர் மிதிப்பதே இல்லை.

பிப்ரவரி 4, இரவு 11.40

கண்ணாடியை இறக்குவது, பாட்டு வைப்பது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ஜிம் ஹார்னும் லூயிஸ் ரெய்னரும், தூக்கம் குறைந்த ஓட்டுநர்களை ஓட்டுப்பயிற்சிக் கருவியில் அமரவைத்து இதையே சோதித்தார்கள். குளிர்காற்றும் வானொலியும் கொடுத்த பயன் மிகச் சிறியது, நிலைக்காதது. அந்தச் சிறு தெளிவை, தூங்குவதற்கு நல்ல இடம் கிடைக்கும்வரை வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்கப் பயன்படுத்தலாம். பயணத்தை முடிக்கப் பயன்படுத்தக் கூடாது.

பிப்ரவரி 6, மாலை 5.30

குறட்டைக்கு வருகிறேன். கேள்வியில் ஒரே வரியில் கடந்துபோன செய்தி அதுதான். எனக்கு அதுவே முதன்மையாகத் தோன்றியது.

எல்லாக் குறட்டையும் நோயில்லை. ஆனால் சத்தமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பவர் திடீரென்று அமைதியாகி, சிறிது நேரம் கழித்துத் திணறி, பெரிய மூச்சோடு மறுபடி குறட்டையைத் தொடங்கினால், அந்த அமைதியை நல்ல தூக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. அப்போது மூச்சே நின்றிருக்கிறது. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. வேகமாக உறிஞ்சும்போது சப்பிப்போகும் காகிதக் குழலைப் போல மூச்சுப்பாதையின் மேற்பகுதி ஒட்டிக்கொள்கிறது. மார்பும் வயிறும் காற்றை இழுக்கப் போராடுவதை என் திரையில் பார்க்கிறேன். மூக்கின் காற்றோட்டக் கோடு மட்டும் அசையாமல் கிடக்கும். ஆக்சிஜன் அளவு இறங்கும். கடைசியில் மூளை தூக்கத்தைக் கலைத்து, தொண்டையைத் திறந்து, மூச்சை மீட்கும். தூங்குபவருக்கு இதில் எதுவும் தெரியாது. காலையில் எழுந்து, "எட்டு மணி நேரம் அடித்துப்போட்டது போலத் தூங்கினேன்" என்பார்.

இதைத்தான் ஸ்லீப் அப்னியா என்கிறார்கள். குறைந்தது 10 நொடி மூச்சு நிற்பதையோ மூச்சு வெகுவாகக் குறைந்துபோவதையோ ஒரு நிகழ்வாக எண்ணுவோம். மணிக்கு 5 முதல் 15 வரை என்றால் லேசானது. 15 முதல் 30 வரை மிதமானது. 30-க்கு மேல் கடுமையானது. மணிக்கு 60 என்று வருபவரையும் பார்த்திருக்கிறேன். நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் உங்கள் தோளைத் தட்டிக்கொண்டே இருக்க, நீங்கள் இரவு முழுவதும் படுத்திருந்ததாக எண்ணிப் பாருங்கள். அந்த மனிதர் மறுநாள் ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறார்.

குறட்டைக்கும் ஓட்டுதலுக்கும் உள்ள தொடர்பு இதுதான். ஸ்பெயினில் விபத்துக்குள்ளாகி மருத்துவமனைக்கு வந்த ஓட்டுநர்களை மற்றவர்களோடு ஒப்பிட்டு 1999-இல் வெளியான ஆய்வில், மணிக்கு 10 நிகழ்வுகளோ அதற்கு மேலோ உள்ளவர்களுக்கு விபத்து வாய்ப்பு ஆறு மடங்கு கூடுதலாக இருந்தது. அரிய நோயும் இல்லை இது. 30 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 93 கோடிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது இருக்கும் என்று 2019-இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வந்த கணிப்பு கூறுகிறது. அவர்களில் பெரும்பாலோர் தங்களுக்கு இருப்பதை அறியாதவர்கள்.

பிப்ரவரி 7, காலை 11.05

"நான் ஒல்லியானவன், எனக்கு இது வராது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உடல் எடை முக்கியமான காரணம்தான், ஆனால் ஒரே காரணம் இல்லை. பின்தள்ளிய சிறிய தாடை, பெரிய உள்நாக்குச் சதை, குறுகிய தொண்டை அமைப்பு ஆகியவற்றால் ஒல்லியானவர்களுக்கும் வரும். பெண்கள் பலர் குறட்டையைப் பற்றிச் சொல்லாமல் களைப்பு, தலைவலி, தூக்கம் கலைதல் என்று மட்டும் சொல்வதால், அவர்களுக்கு நோய் கண்டறியப்படுவது இன்னும் தாமதமாகிறது.

டொரண்டோவில் மயக்க மருந்து வல்லுநர் பிரான்சஸ் சுங் குழுவினர் 2008-இல் வெளியிட்ட எளிய வினாப்பட்டியலை நாங்களும் பயன்படுத்துகிறோம். சத்தமான குறட்டை, பகல் களைப்பு, மூச்சு நிற்பதை மற்றவர் பார்த்தது, உயர் ரத்த அழுத்தம், உடல் பருமன், 50-ஐக் கடந்த வயது, பருத்த கழுத்து, ஆணாக இருத்தல் என்ற எட்டில் எத்தனை பொருந்துகின்றன என்பதே கணக்கு. மூன்றோ அதற்கு மேலோ பொருந்தினால் மருத்துவரிடம் பேச வேண்டும். பட்டியலில் மூன்றாவதாக உள்ள கேள்விக்குத் தனியாகப் படுப்பவர் பதில் சொல்ல முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிப்ரவரி 9, இரவு 9.50

4-ஆம் தேதிக் குறிப்பைத் திரும்பப் படித்தபோது, அதில் ஒரு பக்கத்துக்குக் கூடுதல் அழுத்தம் போய்விட்டதாகப் பட்டது. தூங்கும் நொடி தெரியாது என்பது சரி. ஆனால் அதற்கு முந்தைய தூக்கக் கலக்கம் தெரியவே தெரியாது என்று யாரும் பொருள்கொண்டுவிடக் கூடாது. ஹார்ன், ரெய்னர் ஆய்வுகளின் மற்றொரு முடிவு இங்கே பொருந்தும். ஸ்டீயரிங்கில் தூங்கிப்போனவர்கள் அதற்கு முன்பே தங்களுக்குத் தூக்கம் வருவதை உணர்ந்திருந்தார்கள். உணர்ந்தும், தூங்கிவிடுவோம் என்பதை மட்டும் நம்பவில்லை. எச்சரிக்கை வந்து சேர்கிறது, அதன் பொருள் வந்து சேர்வதில்லை.

ஆகவே ஓட்டுபவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டால் இவற்றைச் சொல்வேன். கடைசிச் சில கிலோமீட்டர்களை எப்படிக் கடந்தோம் என்பது நினைவில் இல்லாமை. திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிடுவது. காரணமின்றி வேகம் கூடிக் குறைவது. வண்டி தடத்தின் ஓரக் கோட்டை உரசுவதும், அதை வெடுக்கென்று திருப்பிக் கொண்டுவருவதும். கண்ணை அடிக்கடி கசக்குவது, இமைகள் மெதுவாகத் திறப்பது, கழுத்து தளர்வது. இவற்றில் ஒன்று நடந்தாலே நிறுத்த வேண்டும். "இன்னும் அரை மணி நேரம்தான்" என்ற எண்ணம் தோன்றினால் அதையும் இந்த அறிகுறிகளில் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மன உறுதி பற்றி: பென்சில்வேனியாவில் நடந்து 2003-இல் வெளியான ஆய்வொன்றில், நல்ல உடல்நலம் உள்ளவர்களைத் தொடர்ந்து 14 நாட்கள் இரவுக்கு 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கவைத்தார்கள். அவர்களுடைய கவனம் நாளுக்கு நாள் சரிந்து, ஓரிரு இரவு முற்றிலும் தூங்காதவரின் நிலைக்கு வந்தது. ஆனால் "எவ்வளவு தூக்கமாக இருக்கிறது?" என்ற கேள்விக்கு அவர்கள் கொடுத்த மதிப்பெண் அந்த அளவுக்கு உயரவில்லை; பழகிவிட்டதாகவே எண்ணினார்கள். எந்த மூளையைக் கொண்டு நம்மை எடை போடுகிறோமோ அந்த மூளைதான் முதலில் மங்குகிறது. மன உறுதியும் அதே மூளையில்தான் இருக்கிறது.

பிப்ரவரி 12, காலை 8.30

"உங்களுக்கு இதில் சொந்த அனுபவம் உண்டா?" என்று கேட்டவருக்கு: உண்டு, நான் இரவுப் பணியாளர்.

பணி முடிந்து விடியற்காலையில் வீடு திரும்பும் வழியில், முன்னால் நின்றிருந்த வண்டிகள் எப்போது நகர்ந்து போயின என்று தெரியாமல், பின்னாலிருந்து ஒலிப்பான் கேட்டு நான் விழித்த ஒரு காலை உண்டு. கால் பிரேக்கின் மேல்தான் இருந்தது. வண்டி நின்றுகொண்டிருந்ததால் ஒன்றும் நேரவில்லை. இத்தனைக்கும் எனக்கு எந்தத் தூக்க நோயும் இல்லை. அது ஒரு சாதாரண இரவுப் பணியின் முடிவு மட்டுமே. பிறர் தூங்குவதை அளப்பதையே தொழிலாகக் கொண்டவளை அந்த அறிவு காப்பாற்றிவிடவில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், தெரிந்திருப்பது என்பது தூக்கத்துக்கு எதிரான தடுப்பூசி என்று நம்மில் பலர் எண்ணுகிறோம்.

உடலின் கடிகாரம் நள்ளிரவு 2 மணி முதல் காலை 6 மணி வரையிலும், பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரையிலும் நம்மைத் தூக்கத்தை நோக்கி இழுக்கிறது. அந்த நேரத்தோடு நீண்ட விழிப்பும் சேரும்போது ஆபத்து பெருகுகிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவருடையதற்கும், 24 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன் ஏறத்தாழ 0.10 சதவீதம் உள்ளவருடையதற்கும் சமமாக இருந்ததை 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் காட்டினார்கள். அமெரிக்காவில் பயிற்சி மருத்துவர்களைக் கொண்டு நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட பணியை முடித்து வீடு திரும்பும்போது விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேலாக இருந்தது. ஒரு நாள் முழுக்க நோயாளிகளைக் காத்தவர்களின் உயிரை யார் காப்பது என்ற கேள்வி அதைப் படித்த நாளிலிருந்து என்னை விட்டுப் போகவில்லை.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில், பணி முடிந்ததும் படுத்து எழ ஓர் அறை வேண்டும் என்று பலமுறை கேட்டோம், கொடுக்கவில்லை. இப்போது இருக்கும் இடத்தில் ஒரு கட்டில் இருக்கிறது. பணி முடிந்ததும் அதில் சிறிது நேரம் தூங்கிவிட்டுத்தான் கிளம்புகிறேன். வாய்ப்புள்ள நாட்களில் வண்டியை எடுப்பதே இல்லை.

பிப்ரவரி 13, பிற்பகல் 1.20

காபி பற்றிக் கேட்டவருக்கு. பயன் உண்டு, ஆனால் அது தூக்கத்தைக் கொடுப்பதில்லை. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. தூக்க உணர்வு அதனால் வருவது. காஃபின் அந்த அடினோசின் பொருந்தும் இடத்தை அடைத்துக்கொள்கிறதே தவிர, சேர்ந்ததைக் குறைப்பதில்லை. குடித்து ஏறத்தாழ 30 நிமிடம் கழித்தே முழுப் பயனும் தெரியும். எனவே வண்டியை ஆபத்தில்லாத இடத்தில் நிறுத்தி, இரண்டு கோப்பை காபி குடித்து, உடனே இருக்கையைச் சாய்த்து 15 நிமிடம் கண்ணை மூடுவது என்ற வழிதான் ஆய்வுகளில் நன்றாக நின்றிருக்கிறது. எழும்போது காபியும் வேலை செய்யத் தொடங்கியிருக்கும். தூக்கம் 20 நிமிடத்தைத் தாண்டி நீண்டால் எழுந்தவுடன் மந்தமாக இருக்கும். அந்த மந்தம் தெளியும்வரை சாவியைத் திருப்பாதீர்கள்.

இதுவும் ஒருமுறைக்குத்தான். இரண்டாவது முறையும் கண் செருகினால் அன்றைய ஓட்டம் முடிந்தது.

பிப்ரவரி 16, இரவு 10.40

அப்னியாவைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். மற்றவற்றையும் சொல்லியாக வேண்டும்.

நார்கோலெப்சி என்ற நோயில், விழிப்பை நிலைநிறுத்தும் ஓரெக்சின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைச் செல்கள் அழிந்துபோகின்றன. இரவு எவ்வளவு தூங்கினாலும் பகலில் அடக்க முடியாத தூக்கம் வரும். சிலருக்கு வாய்விட்டுச் சிரிக்கும்போதோ கோபப்படும்போதோ முழங்கால் மடங்கும், தாடை தொங்கும். பெரும்பாலும் இளம் வயதில் தொடங்கும் இந்த நோய் கொண்டவர்களைப் பெற்றோரும் ஆசிரியர்களும் சோம்பேறி என்று திட்டிய கதையை நான் கேட்காத ஆண்டு இல்லை. மருந்தாலும் திட்டமிட்ட குட்டித் தூக்கங்களாலும் அவர்களில் பலர் பாதுகாப்பாக ஓட்டும் நிலைக்கு வருகிறார்கள், ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.

படுத்ததும் கால்களில் இனம்புரியாத குறுகுறுப்பு எழுந்து, அசைத்தால்தான் அடங்கும் என்றிருந்து, இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும் நோய் ஒன்று உண்டு. உடலில் இரும்புச் சேமிப்பு குறைவது அதற்கு ஒரு காரணம் என்பதால் ரத்தச் சோதனையில் அதைப் பார்ப்பது வழக்கம்.

தூக்கமின்மைக்காக மாத்திரை போடுபவர்கள் கவனிக்க வேண்டியது மறுநாள் காலையை. சோல்பிடெம் என்ற மாத்திரை, போட்ட மறுநாள் காலையிலும் ஓட்டும் திறனைக் குறைக்கும் அளவுக்கு ரத்தத்தில் தங்குகிறது என்று கண்டு, பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைக்கும்படி அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2013-இல் அறிவித்தது. அதைவிட எளிதாக மறந்துபோவது சளி மாத்திரை. குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின் போன்ற பழைய ஒவ்வாமை மருந்துகள் மூளைக்குள் நுழைந்து தூக்கத்தை வரவழைக்கும். சீட்டில்லாமல் கிடைக்கிறது என்பதால் அவை ஓட்டுநருக்கு ஏற்றவை என்று ஆகிவிடாது. தூக்கம் வரவழைக்காத மாற்று மருந்து இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

மதுவைப் பற்றி ஒரு வரி: அது தொண்டைத் தசையை மேலும் தளர்த்தி அப்னியாவைக் கூட்டும், தூக்கம் குறைந்த உடலில் சிறிதளவும் பெரிதாக வேலை செய்யும்.

பிப்ரவரி 20, இரவு 11.10

உரிமம் பற்றி ஒருவர் தனிப்பட்ட முறையில் எழுதியிருந்தார். பெயரில்லாமல் இங்கேயே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சு முழுவதிலும் மிகக் கடினமான முடிச்சு இதுதான். "சோதனைக்குப் போனால் நோய் என்று எழுதிவிடுவார்கள், உரிமம் போய்விடும், குடும்பம் என்ன ஆகும்?" என்பது அவர் கேள்வி.

எங்களிடம் வரும் தொழில்முறை ஓட்டுநர்கள் நிரப்பிக் கொடுக்கும் படிவத்தில் இந்த அச்சத்தைப் படிக்கலாம். மெல்போர்னில் மருத்துவர் மர்ரே ஜான்ஸ் 1991-இல் உருவாக்கிய எப்வொர்த் அளவுகோல் என்ற படிவம் அது. படித்துக்கொண்டிருக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, நெரிசலில் வண்டி சில நிமிடங்கள் நிற்கும்போது என எட்டுச் சூழல்களில் கண் அசரும் வாய்ப்புக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் இட வேண்டும். மொத்தம் 24, 10-ஐத் தாண்டினால் மிகையான தூக்கம். ஓட்டுநர்கள் பலர் எட்டுக்கும் 0 போட்டுக் கொடுப்பார்கள். முழு நலத்தோடு இருப்பவர்கூட மதியம் படுத்தால் சிறிது கண் அயர்வதுண்டு என்பதால், அப்படி ஒரு படிவத்தைப் பார்த்ததும் எனக்கு மனம் கனத்துவிடும். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. பிழைப்பைக் காக்க அவர் எழுதிய 0 அது. அதே இரவில் அவர் மூச்சு மணிக்கு 40 முறை நிற்பதைத் திரை காட்டிக்கொண்டிருக்கும்.

இந்த அச்சத்தைப் போக்காத சட்டம், நோயை மறைக்கத்தான் வைக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் கொண்டுவந்த விதிப்படி, மிதமான அல்லது கடுமையான அப்னியா இருப்பதாக ஐயம் உள்ளவர்கள் உரிமம் பெறுவதற்கோ புதுப்பிப்பதற்கோ முன் மருத்துவ ஆலோசனைக்கு அனுப்பப்பட வேண்டும். நோய் கட்டுக்குள் இருப்பதையும் சிகிச்சையை ஒழுங்காகப் பின்பற்றுவதையும் காட்டினால் உரிமம் உண்டு. சாதாரண ஓட்டுநர்களுக்கு மூன்று ஆண்டுக்கு மிகாமலும், கனரக வண்டி, பேருந்து ஓட்டுநர்களுக்கு ஓர் ஆண்டுக்கு மிகாமலும் மறுபரிசோதனை உண்டு. நோய் இருப்பதால் உரிமம் போகாது, கவனிக்காமல் விட்டால்தான் போகும் என்ற இந்த அணுகுமுறை எனக்குச் சரியாகப் படுகிறது. அமெரிக்காவில் சரக்கு வண்டி ஓட்டுநர்களிடம் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வொன்றும் இதற்குத் துணை நிற்கிறது. அப்னியா கண்டறியப்பட்டும் சிகிச்சையை ஏற்காதவர்களிடம், தவிர்த்திருக்கக்கூடிய கடும் விபத்துகள் மற்றவர்களைவிட ஐந்து மடங்கு இருந்தன. சிகிச்சையை முறையாக எடுத்தவர்களின் விபத்து விகிதம் நோயில்லாதவர்களுடையதை ஒத்திருந்தது.

கண்டறியாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2013 டிசம்பர் 1 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் நடந்த ரயில் விபத்தைச் சொல்லலாம். மணிக்கு ஏறத்தாழ 48 கிலோமீட்டரில் கடக்க வேண்டிய வளைவுக்குள் வண்டி 132 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்து தடம் புரண்டது, நால்வர் இறந்தார்கள். ரயில் ஓட்டுநருக்குக் கடுமையான அப்னியா இருந்ததும், அது அதுவரை கண்டறியப்படாததும், சிறிது காலத்துக்கு முன்புதான் அவர் பிற்பகல் பணியிலிருந்து அதிகாலைப் பணிக்கு மாறியிருந்ததும் விசாரணையில் வெளிவந்தன. நோயும் உடல் கடிகாரமும் ஒரே காலையில் சேர்ந்துகொண்டன.

இங்கிலாந்தில் 2001 பிப்ரவரி 28 அன்று நடந்ததில் நோய் என்று எதுவும் பேசப்படவில்லை. முந்தைய இரவு தூங்காமல் ஓட்டிய ஒருவரின் வண்டி நெடுஞ்சாலையிலிருந்து விலகிச் சரிவில் இறங்கி, செல்பி நகருக்கு அருகே தண்டவாளத்தில் நின்றது. அவர் இறங்கித் தப்பித்தார். வந்த பயணிகள் ரயில் அதில் மோதித் தடம் விலகி எதிரே வந்த சரக்கு ரயிலோடு மோதியதில் 10 பேர் இறந்தார்கள். அவருக்கு ஐந்து ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. நியூ ஜெர்சி மாநிலம் 2003-இல் இயற்றிய மேகி சட்டமோ, 24 மணி நேரம் தூங்காமல் ஓட்டி ஒருவர் இறப்புக்குக் காரணமாவதை, குடித்துவிட்டு ஓட்டியதைப் போலவே பொறுப்பற்ற செயலாகக் கருத இடம் தருகிறது.

எனவே கடிதம் எழுதியவருக்கு என் பதில்: நோயைத் தெரிந்துகொண்டால் உரிமத்தைக் காக்க வழி இருக்கிறது. விபத்துக்குப் பிறகு அந்த வழி இல்லை. நாட்டுக்கு நாடு விதி மாறும் என்பதால், உங்கள் இடத்தின் விதியை மருத்துவரிடமே முதலில் கேட்டுவிட்டுப் படிவத்தை உண்மையாக நிரப்புங்கள்.

பிப்ரவரி 21, காலை 9.15

புதிய வண்டிகளில் வரும் எச்சரிக்கைக் கருவி போதாதா என்று கேட்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்கப்படும் எல்லாப் புதிய வண்டிகளிலும் அது கட்டாயம். ஸ்டீயரிங் அசைவையோ இமைகள் மூடியிருக்கும் நேரத்தையோ அளந்து ஒலி எழுப்பும். வரவேற்கிறேன். ஆனால் அது விழிக்கவைக்கிறது, தூக்கக் கடனைத் தீர்ப்பதில்லை. ஒலியை நிறுத்திவிட்டுத் தொடர்ந்து ஓட்டுபவருக்கு அது இன்னொரு வானொலிதான்.

பிப்ரவரி 27, இரவு 8.45

இழையைத் தொடங்கியவர் சோதனை செய்துகொண்டு அறிக்கையைப் பகிர்ந்ததற்கு மனமார்ந்த நன்றி. மணிக்கு 34 என்பது கடுமையான அளவு. "இனி ஓட்டலாமா?" என்ற கேள்விக்கு உங்கள் மருத்துவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் சொல்லும்வரை ஓட்டாதீர்கள் என்று மட்டும் நான் கெஞ்சிக் கேட்பேன்.

அப்னியா சிகிச்சைக்கான சிபேப் கருவியைப் பற்றி உங்களுக்குள்ள தயக்கம் எனக்குப் புரிகிறது. சிட்னியில் காலின் சல்லிவன் குழுவினர் 1981-இல் வெளியிட்ட முறை அது. முகமூடி வழியாகச் சீரான காற்றழுத்தம் கொடுத்து, தொண்டை ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. முதல் சில இரவுகள் முகமூடி உறுத்தும், காற்று கசியும், மூக்கு வறளும். பெரும்பாலான தொல்லைகள் முகமூடியின் அளவை மாற்றினாலோ ஈரப்பதக் கலத்தைச் சேர்த்தாலோ தீர்கின்றன. தொல்லை என்று கருவியை மூலையில் வைத்துவிடுபவர்கள்தான் மறுபடி எங்களிடம் வருகிறார்கள். இரவுக்கு 4 மணி நேரம் அணிந்தால் போதும் என்று படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். பயன்பாட்டை மதிப்பிடக் கணக்கில் கொள்ளும் கீழெல்லை அது. தூங்கும் நேரம் முழுவதும் அணிவதே நோக்கம். அதிகாலையில் கழற்றிவிட்டால், அப்னியா மிகக் கூடுதலாக வரும் கனவுத் தூக்கத்தின் நேரம் காப்பில்லாமல் போகிறது. சில இரவுகள் விட்டாலே பகல் தூக்கம் திரும்பத் தொடங்கும் என்பதால், வெளியூரில் தங்கும்போதும் கருவி கூடவே வர வேண்டும். வண்டியின் மின்கலத்தில் இயங்கும் இணைப்போடும் அது கிடைக்கிறது; இரவில் வண்டியிலேயே படுக்கும் ஓட்டுநர்கள் அதைக் கேட்டு வாங்கலாம். எடையைக் குறைப்பதும் மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பதும் உதவும், ஆனால் 34 என்ற அளவுக்கு அவற்றை மட்டும் நம்ப வேண்டாம்.

மார்ச் 3, மாலை 7.10

ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: கணவர் இரவில் மூச்சுத் திணறி எழுகிறார், பகலில் பேருந்து ஓட்டுகிறார், மருத்துவரிடம் வர மறுக்கிறார், என்ன செய்வது?

அம்மா, அவரோடு குறட்டை பற்றி வாதாட வேண்டாம். வாதத்தில் அவர் வென்றுவிடுவார், ஏனென்றால் அவருக்கு நினைவில் எதுவுமில்லை. கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். குறட்டை நின்று மூச்சு மீளும் பகுதி ஒலியில் தெளிவாகக் கேட்கும். பகல் வெளிச்சத்தில், அவர் நிதானமாக இருக்கும்போது போட்டுக் காட்டுங்கள். தன் மூச்சு நிற்பதைத் தன் காதால் கேட்ட பிறகு வந்தவர்கள் எங்களிடம் நிறையப் பேர். அதற்கும் அசையாதவரிடம் ரத்த அழுத்தத்தைக் காரணமாகச் சொல்லி அழைத்துப் பாருங்கள். அப்னியா அதையும் உயர்த்தும் என்பதால் அது பொய்யில்லை. ஆலோசனைக்கு நீங்களும் கூடவே உள்ளே செல்லுங்கள். நீங்கள் பார்த்ததை அவரால் சொல்ல முடியாது.

வீட்டிலேயே செய்யும் சோதனை போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தொடங்குவதற்கு அது நல்லது, ஆய்வுக்கூடத்துக்கு வர மறுப்பவரும் அதற்கு இணங்குவார். ஒன்றை மட்டும் அறிந்துகொள்ளுங்கள். அந்தக் கருவிகள் பெரும்பாலும் மூளை அலைகளை அளப்பதில்லை. விழித்துக் கிடந்த நேரத்தையும் தூங்கிய நேரமாகச் சேர்த்து வகுப்பதால் உண்மை அளவைவிடக் குறைத்துக் காட்டக்கூடும். அறிக்கை நன்றாக இருந்தும் பகல் தூக்கம் தொடர்ந்தால், ஆய்வுக்கூடத்தில் ஓர் இரவு படுத்துப் பார்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.